நெய்தல் வலையும் நெடுந்தொடர் மூலக்கூறும்



பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் குடியிருப்பைக் காட்டுமிடத்தில், நெடிய தூண்டிற்கோல்கள் சார்த்திய தாழ்ந்த கூரைக் குடில்கள் தோன்றுகின்றன. அவற்றின் முன்னே மணல் முற்றத்தில் வலை உலர்ந்துகொண்டிருக்கிறது. நிலவொளியின் நடுவே இருள் தங்கியது போல அது கிடக்கிறது என்பது புலவர் கண்ட காட்சி. அக்காட்சியின் உவமை நயத்தைப் பாராட்டாத தமிழாசிரியர் அரியர். ஆயினும், இரண்டு எளிய வினாக்கள் அதனுள் எழுப்பப்படாமலே கிடக்கின்றன. வலையை ஏன் உலர்த்த வேண்டும்? உலர்கின்ற வலை ஏன் இருளைப் போலக் கருத்திருக்க வேண்டும்?

இவ்விரு வினாக்களுக்கும் விடை இலக்கணத்தில் இல்லை, வேதியியலில் உள்ளது. பலபடி வேதியியல் என்று இன்று வழங்கும் துறையே அவ்விடையைத் தருகிறது. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் இருப்புப்பாதையில் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே அமைந்தது அனுப்பம்பட்டு. பொன்னேரிக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரியும் அதன் மீனவக் குப்பங்களும் பரந்துள்ளன. நெய்தல் நிலம் ஏட்டில் மட்டுமன்றிக் கண்ணெதிரேயும் உள்ள இப்பகுதியில் கூடும் ஓர் இலக்கிய வட்டத்திற்கு, வலையின் உட்பொருளை அறிவது புறம்பான வேலை அன்று. அது நெய்தலை அறிவதன் ஒரு பகுதியே ஆகும்.

நூல் என்னும் சொல்

பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பாயிரத்தில் நூல் என்னும் பெயருக்குக் காரணம் கூறுகையில் ஓர் உருவகத்தைக் கையாள்கிறார். சொல் பஞ்சாகிறது, பனுவல் இழையாகிறது, புலவன் நூற்கும் பெண்ணாகிறான், வாய் கையாகவும், அறிவு கதிராகவும் அமைகின்றன. ஏட்டையும் இழையையும் ஒரே சொல்லால் குறிக்கும் தமிழுக்கு இவ்வுருவகம் இயல்பானது.

பஞ்சின் தனித்தனி இழைகள் சிறியவை. ஒன்றோடொன்று முறுக்கிச் சேர்த்தபோது நீண்ட நூல் பிறக்கிறது. சிறியவை சேர்ந்து, தனித்து நின்றபோது தமக்கில்லாத வலிமையைப் பெறுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் வேதியியலார் கண்டது இதனினும் ஒரு படி ஆழமானது. அப்பஞ்சிழையின் உள்ளேயும், கண்ணுக்கும் உருப்பெருக்கிக்கும் எட்டாத நுண்மையில், அதே செயல் நிகழ்ந்திருக்கிறது. குளுக்கோஸ் என்னும் சர்க்கரையின் சிறு கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைந்து, பருத்தியில் பத்தாயிரத்தை எட்டும் எண்ணிக்கையில் நீண்டு, செல்லுலோஸ் என்னும் தொடராகின்றன. நூலுக்குள்ளும் ஒரு நூல் இருக்கிறது என்பது பொருள்.

இவ்வாறு சிறு கூறு திரும்பத் திரும்பப் பிணைந்து உருவாகும் பெருமூலக்கூறே பலபடி. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பலபடி என்று வழங்குகின்றன. பல்லுறுப்பி என்பாரும் உளர். இலங்கைத் தமிழர் பல்பகுதியம் என்பர். மூன்றும் நல்ல ஆக்கங்களே. பலபடி என்பதிலுள்ள படி என்னும் சொல்லில், சுவடிக்குப் படியெடுத்தல் என்னும் வழக்கின் ஒலியையும் ஒரு கவிஞர் கேட்கக்கூடும். ஒரே கூறு பல படிகளாகத் திரும்ப வருதல் என்னும் பொருள் அதற்குப் பொருந்தவும் செய்கிறது. ஆனால் மூன்று சொற்களுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. பலவாக இருத்தலை அவை கூறுகின்றன, பிணைந்திருத்தலைக் கூறவில்லை. குவியலும் பலவே; சங்கிலியும் பலவே. இரண்டையும் வேறுபடுத்துவது பிணைப்பு மட்டுமே.

இது சொல்லாராய்ச்சி மட்டும் அன்று. இத்துறையின் வரலாறே குவியலா, தொடரா என்னும் வழக்கில்தான் தொடங்கியது. ரப்பர், மாப்பொருள், பருத்தி ஆகியவை சிறு மூலக்கூறுகள் ஏதோ ஒரு கவர்ச்சியால் ஒட்டிக்கிடக்கும் திரள்கள் என்றே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதியியலார் பலரும் கருதினர். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஷ்டாவ்டிங்கர் 1920இல் வெளியிட்ட கட்டுரையில் அதனை மறுத்தார். இவை திரள்கள் அல்ல. உண்மையான வேதிப் பிணைப்புகளால் இறுதிவரை கோக்கப்பட்ட நெடுந்தொடர்கள் என்றார். 1922இல் பெருமூலக்கூறு என்னும் பொருள்படும் சொல்லையும் ஆக்கினார். அத்துணைப் பெரிய மூலக்கூறு இருத்தல் இயலாது என்று சமகாலத்துப் பெரியோர் சொல்லியும் அவர் தம் கொள்கையைக் கைவிடவில்லை. அவருக்கு நோபல் பரிசு 1953இல் வந்தது. முதற் கட்டுரைக்கும் பரிசுக்கும் இடையே முப்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன.

பருத்தியின் ஒழுக்கம்

பழவேற்காடு பருத்திக்குப் புதிய ஊர் அன்று. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி வணிகம் செய்தமைக்குச் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியே முதன்மைக் காரணம். பழவேற்காட்டின் பெயர் ஆங்கிலேயர் வாயில் புலிக்கட் ஆயிற்று. கட்டமிட்ட துணிக்கே அது பெயராயிற்று. மலாய் மொழியில் கட்டமிட்ட கைலியைக் கைன் பெலேக்காட் என்று இன்றும் வழங்குகின்றனர். கடல் கடந்து சென்ற அத்துணியும், ஏரியில் இறங்கிய வலையும் ஒரே செல்லுலோஸ் தொடரின் இரு வடிவங்கள்.

தூய பருத்தி இழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸே. அத்தொடரின் ஒவ்வொரு கூறிலும் நீரை விரும்பி ஈர்க்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. ஆகவே பருத்தி வலை நீரைப் பருகும், பருகிக் கனக்கும். நனைந்த பருத்தி உலர்ந்த பருத்தியைவிட வலிமை மிக்கது என்பது வியப்பான உண்மை. ஆயின், அவ்வீரத்திலேயே அதன் முடிவும் இருக்கிறது. செல்லுலோஸின் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கும் நொதிகளைப் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் கொண்டுள்ளன. ஈரமும் வெப்பமும் கிடைத்தால் அவை வேலையைத் தொடங்கிவிடும். வலை இற்றுப்போதல் என்று மீனவர் சொல்வது, நெடுந்தொடர் மீண்டும் சர்க்கரைக் கூறுகளாக உடைந்து மண்ணுக்குத் திரும்புவதையே ஆகும். சணல் வலைக்கும் இதுவே கதி.

முதல் வினாவுக்கு விடை இங்கே கிடைக்கிறது. வலையை உலர்த்தியது அழகுக்காக அன்று. நொதியின் கையினின்று ஒரு நாளை மீட்பதற்காக. வெயில் அவ்வலைக்கு மருந்து. மணல் முற்றம் அதன் மருத்துவமனை.

இரண்டாம் வினாவுக்கு விடை பனிச்சை மரத்தில் உள்ளது. தும்பிலி என்றும் வழங்கும் அம்மரத்தின் காயைப் பிழிந்த துவர்ச்சாற்றில் வலையைத் தோய்ப்பது தென்னிந்தியக் கரைகளில் நீண்ட நாளைய வழக்கம். படகின் இணைப்புகளை அடைக்கவும் அக்காய் பயன்பட்டது. துவர்ப்பைத் தரும் டானின் என்னும் பொருள் இழையில் படிந்து, அழுகச்செய்யும் நுண்ணுயிர்களைத் தடுக்கிறது. தோலைப் பதனிடுவதும் இதே துவர்ப்பொருள்தான். அவ்வாறு தோய்ந்த வலை பழுப்பேறிக் கருமை கொள்ளும். பட்டினப்பாலைக் காலத்துப் பரதவர் என்ன சாற்றில் வலையைத் தோய்த்தனர் என்பதைப் பாட்டு கூறவில்லை. ஆயினும் வெண்மணலில் இருளென வலை கிடந்ததைக் கண்ட புலவரின் கண், கற்பனையை மட்டும் கண்டதன்று. வினைத்திறம் படிந்த ஒரு பொருளைக் கண்டது என்று எண்ணுவதற்கு இடமுண்டு.

பருத்தி வலைக்கு ஓர் ஒழுக்கம் இருந்தது. நனைந்தால் உலர வேண்டும்; சில நாள் உழைத்தால் சாற்றில் தோய வேண்டும்; தோய்ந்தபின் ஓய வேண்டும். வலை ஓய்ந்த பொழுதில் ஏரியும் ஓய்ந்தது. எந்தக் குப்பத்தார் எந்த இடத்தில் எந்த முறையில் சுத்துவலை இடலாம் என்று வகுக்கும் பாடு என்னும் மரபு பழவேற்காட்டில் அறிஞர் பலரும் ஆராய்ந்த ஒன்று. மனிதர் வகுத்த அந்த முறையோடு, இழையே வகுத்த ஒரு முறையும் சேர்ந்து ஏரியைக் காத்தது எனலாம்.

நைலான் வந்த வழி

ஷ்டாவ்டிங்கர் தொடர்கள் உண்டு என்று நிறுவினார். அமெரிக்கராகிய வாலஸ் கரோதர்ஸ் அத்தொடர்களைத் திட்டமிட்டுக் கட்டிக் காட்டினார். டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1935இல் அவரது குழுவினர் நைலானை உருவாக்கினர். தம் ஆக்கம் உலகெங்கும் பரவியதைக் காண அவர் இருக்கவில்லை. 1937இல் நாற்பத்தொன்றாம் வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1938இல் ஜெர்மனியில் பால் ஷ்லாக், கப்ரோலாக்டம் என்னும் ஒற்றை வளையக் கூறிலிருந்து வேறொரு நைலானைப் பெற்றார். ஆறு கரியணுக்கள் கொண்ட கூறு ஆகையால் அது நைலான்-6 எனப்படுகிறது. இன்று இந்தியக் கரைகளில் மீன்வலைக்குப் பெரிதும் பயன்படுவது இதுவே.

வளையமாக இருக்கும் கப்ரோலாக்டம் வெப்பத்தில் திறந்துகொள்கிறது; திறந்த கைகள் அடுத்த கூறின் கையைப் பற்றுகின்றன; தொடர் நீள்கிறது. உருகிய பலபடியை நுண்துளைகளின் வழியே இழுத்தால் இழையாகிறது. குளிர்ந்த இழையை மேலும் இழுத்து நீட்டும்போது உள்ளிருக்கும் தொடர்கள் ஒரே திசையில் வரிசை கொள்கின்றன, வலிமை பன்மடங்காகிறது. தாறுமாறாக நின்றவர் அணிவகுத்து நின்றால் வரும் வலிமையை ஒத்தது அது.

இந்தியக் கரைக்கு நைலான் வலை 1950களில் வரத் தொடங்கியது. 1952இல் கையெழுத்தாகிக் கேரளத்தின் நீண்டகரையில் செயல்பட்ட இந்திய–நார்வே திட்டம் விசைப்படகுகளோடு புதிய வலைகளையும் கொணர்ந்தது. 1957இல் கொச்சியில் தோன்றிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் செயற்கை இழை வலைகளை ஆராய்ந்து பரப்பியது. வடசென்னைக் கரையோரமோ பலபடித் தொழிலின் களமாகவே மாறியது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. 1970களில் அங்கேயே எஸ்.ஆர்.எஃப். நிறுவனம் சக்கர உறைகளுக்கான நைலான் நூல் ஆலையை அமைத்தது. அனுப்பம்பட்டிலிருந்து மீஞ்சூர் வழியே தெற்கு நோக்கிச் செல்வோர்க்கு மணலி தொலைவில் இல்லை. கடல் கடந்து வந்த விந்தையாகத் தொடங்கிய நைலான், இவ்வாறு அண்டை வீட்டுப் பொருளாயிற்று.

மீனவர் நைலானை ஏற்றமைக்குக் காரணம் மயக்கம் அன்று, கணக்கு. ஒரே வலிமைக்கு நைலான் நூல் பருத்தியைவிட மெல்லியது. மெல்லிய நூல் நீரில் எளிதில் புலப்படாது, மீன் விலகாது. நைலான் நீரைக் குறைவாகவே ஏற்கும்; ஆகவே இழுப்பவரின் தோளுக்குச் சுமை குறைந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது இற்றுப்போவதில்லை. ஆண்டுதோறும் வலைக்கெனக் கடன் வாங்கிய குடும்பத்திற்கு, இற்றுப்போகாத வலை என்பது ஆண்டுதோறும் கிடைத்த விடுதலை. நைலானைச் சாடிக் கவிதை எழுதுவோர் இதனை மறத்தலாகாது. அந்த விடுதலையைப் பழிப்பவர், அழுகிய வலையைப் பிடித்து ஒரு நாளேனும் இழுத்திருத்தல் வேண்டும்.

மாறிய கருப்பொருள்

ஆனால் இழை மாறியபோது ஒழுக்கமும் மாறியது. பருத்திக்கு நட்பாக இருந்த வெயில் நைலானுக்குப் பகை. கதிரவனின் புறஊதாக் கதிர்கள் நைலான் தொடரை இடையிடையே அறுக்கின்றன. இழை நொறுங்கத் தொடங்குகிறது. ஆகையால் நைலான் வலையை நிழலில் குவித்து மூடி வைப்பதே அறிவுடைமை. இன்று கரையில் வலை விரிந்து கிடந்தால், பெரும்பாலும் அது உலர்வதற்காக அன்று. கிழிசலைப் பொத்துவதற்காகவோ, சிக்கிய நண்டையும் குப்பையையும் எடுப்பதற்காகவோ விரிக்கப்பட்டது. மணலில் உலரும் வலையை இன்றைய பழவேற்காட்டின் அன்றாடக் காட்சியாக எழுதும் கவிஞர், கரையைப் பார்த்து எழுதவில்லை. பட்டினப்பாலையைப் பார்த்து எழுதுகிறார்.

முடிச்சும் மாறியது. பருத்தி நூல் சொரசொரப்பானது. ஒற்றை முடிச்சே நிற்கும். நைலான் வழுக்கும், இரட்டை முடிச்சிட்டு, வெப்பத்தால் இறுக்க வேண்டும். அதற்கு இயந்திரம் ஏற்றது. கையால் வலை பின்னிய பெண்களின் வேலை ஆலைக்குப் போயிற்று. வேலை போனபோது அவ்வேலையின் சொற்களும் போகத் தொடங்கின. ஊசியின் பெயர், கண்ணியின் அளவைக் குறித்த வழக்கு, சாற்றில் தோய்ப்பதன் பக்குவத்தைச் சொன்ன சொல் ஆகியவை அகராதியில் ஏறும் முன்பே நாவிலிருந்து இறங்கிவிட்டன. அதே வேளையில் புதிய சொல்லும் பிறந்தது. ஒற்றை இழையாலான கண்ணாடி போன்ற நூலைத் தமிழகக் கரையில் தங்கூஸ் என்றும் நரம்பு என்றும் வழங்குகின்றனர். நரம்பு என்பது உயிருள்ள உடலின் உறுப்பு. உயிரற்ற இழைக்கு அப்பெயரைச் சூட்டிய மீனவர், கலைச்சொல்லாக்கக் குழுக்களுக்குக் குறைந்தவர் அல்லர்.

கட்டுமரத்தின் கதையும் இதுவே. மரத்தின் உடலும் செல்லுலோஸ்தான்; லிக்னின் என்னும் மற்றொரு பெருமூலக்கூறு அதனைக் கெட்டிப்படுத்துகிறது. அதுவும் கரையேறி உலர வேண்டியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் கரையெங்கும் பெருகின. கண்ணாடி இழையின் மேல் பாலியெஸ்டர் பிசினைப் பூசி இறுகச் செய்தால் ஃபைபர் படகு. அப்பிசினின் தொடர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து ஒரே வலையாகிவிடுகின்றன. மீண்டும் உருக்க இயலாது. வலையைச் சுமக்கும் படகே, மூலக்கூற்று அளவில் ஒரு வலை.

தொல்காப்பியம் கருப்பொருள்களுள் செய்தியையும், அதாவது தொழிலையும், வைத்தது. தொழிலின் கருவி மாறினால் கருப்பொருள் மாறுகிறது. கருப்பொருள் மாறினால் உரிப்பொருள் வெளிப்படும் வழியும் மாறுகிறது. இரங்கல் மாறவில்லை. இரங்குவதற்கான பொருள் மாறியிருக்கிறது.

அவிழத் தெரிந்த தொடர்

இங்கு ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் நன்று. பலபடி என்றாலே செயற்கை, செயற்கை என்றாலே கேடு என்று கருதுவோர் உளர். ஏரியிலுள்ள உயிர்கள் அனைத்தும் பலபடிகளால் ஆனவையே. மீனின் தோலும் எலும்பும் கொலாஜன் என்னும் புரதத்தால் கட்டப்பட்டவை. அதன் வடிவைக் கண்டறிந்த பெருமை சென்னைக்கு உரியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் கொலாஜன் மூன்று தொடர்களால் ஆனது என்பதை நேச்சர் இதழில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டே அம்மாதிரியைத் திருத்தி முழுமையாக்கினர். ஆய்வுக்கு வேண்டிய கொலாஜனை அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அளித்தது. ஒவ்வொரு தொடரும் இடப்புறமாகச் சுருண்டிருக்க, மூன்றும் சேர்ந்து வலப்புறமாக முறுக்கிக்கொள்கின்றன. புரிகளை ஒரு திசையிலும், புரிகள் சேர்ந்த கயிற்றை எதிர்த்திசையிலும் முறுக்கினால் கயிறு அவிழாது என்பது கயிறு திரிப்பவர் அனைவரும் அறிந்த முறை. அம்முறையை உடல் முன்பே அறிந்திருந்தது.

இறாலின் ஓடு கைட்டின் என்னும் பலபடி. செல்லுலோஸுக்கு நெருங்கிய உறவு அது. இயற்கையில் செல்லுலோஸுக்கு அடுத்தபடி மிகுதியாகக் கிடைக்கும் பலபடிகளுள் ஒன்று. ஒவ்வோர் இறாலும் வளரும்போது ஓட்டைக் கழற்றி எறிகிறது. ஏரியின் அடியில் இவ்வோடுகள் மலையெனக் குவிந்திருக்க வேண்டும். குவியவில்லை. கைட்டினை அவிழ்க்கும் நொதிகள் சேற்றிலுள்ள நுண்ணுயிர்களிடம் இருக்கின்றன. இயற்கை, தொடரைக் கோக்கும் கலையோடு அவிழ்க்கும் கலையையும் சேர்த்தே கற்றது. கரையில் எறியப்படும் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுத்து மருந்துக்கும் நீர்த்தூய்மைக்கும் பயன்படுத்தும் முறையைக் கொச்சி நிலையத்தார் வளர்த்தனர் என்பதும் குறிக்கத்தக்கது.

நைலானின் பிணைப்பு இயற்கைக்கு அயலானது அன்று. பட்டையும் முடியையும் கொலாஜனையும் பிணைக்கும் அதே அமைடு பிணைப்புத்தான் நைலானிலும் உள்ளது. ஆயினும், கூறுகளின் அடுக்கு வேறு. இழையில் தொடர்கள் நெருங்கி அணிவகுத்து நிற்கின்றன. நொதி நுழைய வழியில்லை. 1975இல் ஜப்பானிய அறிஞர், நைலான் ஆலையின் கழிவுநீரில் அதன் சிறு துணைப்பொருள்களை உண்டு வாழும் ஒரு பாக்டீரியாவைக் கண்டனர். அதுவும் குட்டையான துண்டுகளைத்தான் தின்றது. நெடிய இழையை அன்று. பூட்டு பழையது, திறவுகோல் இன்னும் வார்க்கப்படவில்லை.

எனவே, ஏரியிலோ கடலிலோ அறுந்து தொலைந்த நைலான் வலை தன் தொழிலை விடுவதில்லை. இழுக்க ஆளின்றியே அது மீனைப் பிடிக்கிறது; பிடிபட்ட மீன் செத்து, அதனைத் தின்ன வந்த நண்டும் சிக்குகிறது; ஆமையும் சிக்குகிறது. உலகெங்கும் இதனைப் பேய்வலை என்று அழைக்கின்றனர். பருத்தி வலை தொலைந்தால் இழப்பு மீனவருக்கு மட்டும். சில திங்களில் அது சேறாகிவிடும். நைலான் வலை தொலைந்தால் இழப்பு மீனவருக்கும் மீனுக்கும் அடுத்த தலைமுறைக்கும். காலப்போக்கில் அது நொறுங்கினாலும் நுண்துகளாகிறதே ஒழிய, கூறுகளாக அவிழ்வதில்லை.

வழி அடைபடவில்லை. வளையத்தைத் திறந்து கட்டிய நைலான்-6 தொடரை, தக்க வெப்பத்தில் மீண்டும் கப்ரோலாக்டம் வளையங்களாக்க இயலும். இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனம் 2011 முதல் பழைய மீன்வலை முதலியவற்றிலிருந்து இவ்வாறு புதிய நூல் எடுத்துவருகிறது. நொதி செய்யாததை உலை செய்கிறது. ஆனால் உலை வலையைத் தேடி வராது. பழைய வலை கரைக்கு வந்து, பிரித்துச் சேர்க்கப்பட்டு, உலைவரை செல்ல வேண்டும். அதற்குச் செலவிடுவோர் யார், அதனால் மீனவருக்கு வரும் விலை என்ன என்பவை வேதியியல் தீர்க்கும் வினாக்கள் அல்ல. ஊரும் அரசும் தீர்க்க வேண்டியவை.

கவிஞர்க்குரிய பணி

அழியாமையைத் தமிழ்க் கவிதை நெடுங்காலமாகப் போற்றி வந்திருக்கிறது. புகழ் அழியாதது, சொல் அழியாதது, பாடப்பட்டவன் மாய்ந்தும் பாடல் மாயாதது என்று புறநானூற்றுக் காலம் முதல் நம்பிய மரபு இது. சொல்லுக்கு அது பெருமை. பொருளுக்கும் அதுவே பெருமையா என்னும் வினாவை நைலான் எழுப்பியுள்ளது. சொல் அழியாதிருப்பது அதனை ஒவ்வொரு தலைமுறையும் எடுத்து ஆள்வதனால். ஆள்வாரற்ற சொல் தானே மறையும். நைலானோ ஆள்வாரற்ற பின்னும் இருக்கிறது. முன்னையது நினைவு, பின்னையது எச்சம். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் கவிதை இக்காலத்து நெய்தலுக்குத் தேவைப்படுகிறது. கெடுதலைப் பழிப்பது எளிது. விடுதலையும் கேடும் ஒரே இழையில் முறுக்குண்டு கிடப்பதைச் சொல்வதுதான் அரிது.

இவ்வட்டம் பத்தாண்டுகள் நிறைவுற்ற இவ்வேளையில் உடனடியாகச் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. பருத்தி வலையையும் சணல் வலையையும் தம் இளமையில் கையாண்ட முதியோர் குப்பங்களில் இன்னும் சிலர் உளர். வலை பின்னிய மூதாட்டியரும் உளர். இழைக்கும் முடிச்சுக்கும் சாற்றுக்கும் கண்ணிக்கும் அவர்கள் வழங்கிய சொற்கள் ஏட்டில் ஏறவில்லை. அவர்களோடு அவை போகுமாயின், வேதியியலால் அவற்றை மீட்க இயலாது. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு குப்பத்தை ஏற்று, ஒரு முதியவரிடம் அமர்ந்து, சொல்லையும் அதன் பயனையும் அவர் சொன்னவாறே எழுதி, சொன்னவர் இசைவோடு அவர் பெயரையும் ஊரையும் குறித்து வைத்தால், அடுத்த ஆண்டு மலருக்குள் ஒரு சிறு சொற்களஞ்சியம் உருவாகிவிடும். தங்கூஸ், ஃபைபர் போன்ற புதுச்சொற்களையும் அதில் விலக்காது சேர்த்தல் வேண்டும். அவையும் ஏரியின் தமிழே.

பாடநூல் எழுதுவோர்க்கும் அது துணையாகும். பலபடி என்னும் சொல்லைப் பள்ளியில் மனப்பாடம் செய்யும் குப்பத்து மாணவர், தம் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் வலையே அதற்கு எடுத்துக்காட்டு என்று அறிவாரேல், வேதியியல் அவருக்கு வேற்றுமொழியாக இராது. அவர் தாத்தா துவர்ச்சாற்றில் வலையைத் தோய்த்ததும், இராமச்சந்திரன் கொலாஜனின் முறுக்கைக் கண்டதும் ஒரே அறிவின் இரு முனைகள் என்பது புலப்படும். இவ்விரு முனைகளையும் முடிச்சிடுவது தமிழின் கடமை. அம்முடிச்சு வழுக்காமல் நிற்க இலக்கியத்தார் ஒரு கையும் அறிவியலார் ஒரு கையும் தர வேண்டும்.